கட்டியது 1,100, ஆடியது 1,000

என் மாமனார் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்தவர்களைச் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஏலச்சீட்டு நடத்தியவர். இன்றைக்கும் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் யாருக்காவது சீட்டுக் கணக்கில் சந்தேகம் வந்தால் அவரைத் தேடித்தான் வருவார்கள். 2020 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோபாவில் உட்கார்ந்து போனில் போக்கர் டோர்னமெண்ட், அதாவது காசு கட்டிச் சேரும் சீட்டாட்டப் போட்டி ஒன்றை ஆடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ளே, எல்லாரும் கட்டுற காசுல இதை நடத்துறவன் எவ்வளவு எடுத்துக்கிறான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எந்த இடத்தில் உட்கார்ந்தால் எந்தக் கையை ரெய்ஸ் செய்யலாம் (பந்தயத்தை ஏற்றலாம்), கையிருப்பு பத்து பிளைண்டுக்குக் கீழே போனால் எதை வைத்து ஆல்-இன் போகலாம் (இருப்பதையெல்லாம் வைக்கலாம்; பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே முறைவைத்துக் கட்டாயமாகப் போட வேண்டிய பந்தயம்) என்றெல்லாம் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்ததே இல்லை.

"கமிஷன் எவ்வளவுன்னு கேக்காம எவனாவது சீட்டுல சேருவானா?" என்றார். குத்திக்காட்டவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. 20 பேர், மாசம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, நடத்துகிறவருக்கு 5,000. 1982-ல் வந்த சிட் ஃபண்ட் சட்டம் அந்த 5 சதவீதத்தைத்தான் உச்சவரம்பாக வைத்திருந்தது, 2019-ல் திருத்தி 7 ஆக்கினார்கள். சீட்டுக் கட்டுகிற யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

அன்றைக்கு ராத்திரிதான் முதல் தடவையாக ஆப்பில் ஆட்டங்களின் பட்டியல் இருக்கும் லாபியில் ஒரு டோர்னமெண்டைத் திறந்து, விவரம் என்ற பொத்தானை அழுத்திப் பார்த்தேன். வெளியே பெரிய எழுத்தில் 1,100 என்று இருந்தது, உள்ளே 1,000 + 100 என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். முன்னால் இருக்கும் 1,000 பரிசுக் குவியலுக்குப் போகிறது, ஆடுகிறவர்கள் அதைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். பின்னால் இருக்கும் 100 நடத்துகிறவருக்கு. அதுதான் என்ட்ரி ஃபீ, பேச்சு வழக்கில் ரேக். நீங்கள் முதல் கையிலேயே வெளியே போனாலும் முதல் பரிசே வாங்கினாலும் அந்த 100 திரும்பி வராது.

டோர்னமெண்டாக இல்லாமல் ஒவ்வொரு கைக்கும் நேரடியாகக் காசு வைத்து ஆடும் கேஷ் கேமில் ரேக்கை ஒவ்வொரு கையிலும் சேரும் பந்தயப் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள், இத்தனை சதவீதம், ஆனால் இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு வரம்போடு. அது கண்ணில் படுவது கஷ்டம். டோர்னமெண்டில் அந்தத் தொல்லை இல்லை, முன்கூட்டியே ஒரே தடவையில் வாங்கிவிடுகிறார்கள், எவ்வளவு என்று எழுதியும் வைக்கிறார்கள். அப்படியிருந்தும் நம்மில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, 100 தானே, 10 சதவீதம், போனால் போகிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். 100 பேர் ஆளுக்கு 1,100 கட்டுகிறார்கள், மொத்தம் 1,10,000. திரும்பி வருவது 1,00,000. நூறு பேரும் ஒரே அளவு திறமைசாலிகள் என்றால் காலப்போக்கில் நூறு பேருமே நஷ்டம்தான். நீங்கள் மற்றவர்களைவிடப் பத்து சதவீதம் நன்றாக ஆடினால்தான் கையைக் கடிக்காமல் வெளியே வரமுடியும். லாபம் என்பது அதற்கு மேலே. போக்கரில் ஓரளவு நன்றாக ஆடுகிறவருக்கும் சராசரி ஆளுக்கும் உள்ள வித்தியாசமே பல சமயம் அந்தப் பத்து, பதினைந்து சதவீதம்தான். அதனால் இந்த நூறு ரூபாயை டீச்செலவு மாதிரி நினைக்கக்கூடாது, நம் திறமையின் கூலி முழுக்க அதற்குள்ளேயே அடங்கிப்போய்விடலாம்.

2021 ஜனவரியிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டேன். தேதி, பரிசுக்குப் போன பணம், கட்டணம், திரும்பி வந்த பணம், அவ்வளவுதான், நாலு கட்டம். அந்த வருஷம் அக்டோபர் 5-ம் தேதி கர்நாடகத்தில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது, ஆப்கள் பெங்களூரில் இருப்பவர்களை உள்ளே விடவில்லை. ஆட வழியில்லாமல் இருந்த அந்த நாட்களில்தான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்து கூட்டினேன். வெளியே நல்ல மழை, மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து இன்னொரு தாளில் அதையே தனியாகக் கூட்டினார். சீட்டுக் கணக்கு எப்போதும் ரெண்டு பேர் தனித்தனியாகக் கூட்ட வேண்டும் என்பது அவருடைய பழக்கம்.

ஒன்பது மாதத்தில் 214 டோர்னமெண்ட். பரிசுக் குவியலுக்கு என் பங்காகப் போனது 1,31,000. திரும்பி வந்தது 1,38,500. அதாவது எதிரே உட்கார்ந்து ஆடினவர்களோடு மட்டும் கணக்குப் பார்த்தால் நான் 7,500 ரூபாய் ஜெயித்திருக்கிறேன். கட்டணம் என்ற கட்டத்தைக் கூட்டினால் 15,300. அதையும் சேர்த்தால் 7,800 ரூபாய் நஷ்டம்.

மாமா பென்சிலால் அந்த 15,300-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது மாதமும் நான் எதை நினைத்து நொந்துபோயிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கடைசிச் சீட்டில் தோற்ற கைகள், ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு வெளியே போன இரவுகள், நேரம் சரியில்லை, கிரகம் சரியில்லை என்று பேசிய பேச்சு. உண்மையில் என் பணம் போன வழி அந்த மூன்றாவது கட்டத்தில் வரிசையாக எழுதியே இருந்தது.

15,300-ஐ 1,31,000-ஆல் வகுத்தால் 11.7 சதவீதம் வருகிறது. பத்துதானே போட்டிருந்தார்கள், எப்படி ஏறியது என்று தேடினேன். ரெண்டு காரணம். முதலாவது, நான் ஆடிய சின்னச் சின்ன டோர்னமெண்டுகள். பெரிய தொகைக்குக் கட்டணம் சதவீதத்தில் குறைவாகவும், சின்னத் தொகைக்கு அதிகமாகவும் இருப்பதுதான் பொதுவான வழக்கம், ஏனென்றால் நூறு ரூபாய் டோர்னமெண்டை நடத்தினாலும் பத்தாயிரம் ரூபாய் டோர்னமெண்டை நடத்தினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். 200 + 30 என்று போட்டிருந்த ஒன்றை நான் வாரத்துக்கு நாலு தடவை ஆடியிருக்கிறேன். முப்பது ரூபாய் கண்ணை உறுத்தவில்லை, ஆனால் அது 15 சதவீதம். சிக்கனமாக ஆடுகிறோம் என்று நினைத்து அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தேன்.

ரெண்டாவது, ரீ-என்ட்ரி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய ஓட்டை இங்கேதான்.

214 டோர்னமெண்ட் என்று சொன்னேன் இல்லையா, அதில் என் நுழைவுகள் 291. அதாவது 77 தடவை வெளியே போய், மறுபடி முழுப் பணமும் கட்டி உள்ளே வந்திருக்கிறேன். ரீ-என்ட்ரி என்றால் புதிதாக ஒருவர் வந்து சேருவதற்குச் சமம், கட்டணமும் மறுபடி முழுசாக. அந்த 77-க்கு மட்டும் கட்டணமாகவே 4,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. தோற்ற உடனே திரையில் ஒரு பொத்தான் வரும், கீழே நொடிகள் குறைந்துகொண்டே வரும், மனசு கொதித்துக்கொண்டிருக்கும், விரல் தானாக அழுத்திவிடும். அந்த நிமிஷத்தில் யாருக்கும் சதவீதம் ஞாபகத்துக்கு வராது. அதிலும் லேட் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஆட்டம் தொடங்கிய பிறகும் உள்ளே சேர விடும் நேரம், முடியப்போகும் சமயத்தில் உள்ளே வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆரம்பத்தில் 10,000 சிப்ஸ் (பந்தயம் வைக்கத் தரும் வில்லைகள்), பிளைண்ட் 50-100 (சின்னது 50, பெரியது 100) என்றால் கையில் நூறு பிளைண்ட் இருக்கிறது, யோசித்து ஆட இடமுண்டு. அதே 10,000-ஐ 500-1,000 நடக்கும்போது வாங்கினால் பத்தே பிளைண்ட், ஆல்-இன் அல்லது சீட்டை மடக்கிவிட்டு ஒதுங்குவது, வேறு வழி கிடையாது. கட்டணம் என்னவோ அதேதான். அந்த நேரத்தில் நுழைவது எப்போதுமே தப்பு என்று வாதாட நான் வரவில்லை, சிப்ஸுக்கு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் திறமையைக் காட்ட இடமில்லாத இடத்தில் திறமைக்கான முழு விலையையும் கொடுக்கிறோம்.

ஆட்டத்தின் நடுவில் காசு கட்டிக் கூடுதல் சிப்ஸ் வாங்கும் ரீ-பை, ஆட்-ஆன் என்று வேறு இரண்டு உண்டு. இவற்றில் கட்டணம் எடுப்பார்களா, மாட்டார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். கட்டணமே இல்லாத ஆட்-ஆன் இருந்தால் அது நமக்கு நல்லது, மொத்தத்தில் கட்டணச் சதவீதத்தை அது இறக்கிவிடும். விதியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

டர்போ பற்றி ஒரே வரி: பிளைண்ட் வேகமாக ஏற ஏற நல்லா ஆடுகிறவனுக்கும் சுமாராக ஆடுகிறவனுக்கும் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வரும், கட்டணம் சுருங்காவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

சாட்டிலைட் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமாக இருந்தது. 110 கட்டி 1,100 ரூபாய் டோர்னமெண்டில் இடம் பிடிப்பது, கேட்கவே நன்றாக இருக்கும். 100 + 10 கட்டி 11 பேர் சேர்ந்தால் 1,100 குவியும், ஒருவருக்கு ஒரு இடம். பதினோரு பேர் கையிலிருந்தும் போனது 1,210. அந்த ஒரு இடத்தின் 1,100-லும் 100 கட்டணம். ஆகப் பெரிய டோர்னமெண்டின் பரிசுக்குப் போய்ச் சேர்ந்தது 1,000 தான். வழியில் 210 போய்விட்டது. அதாவது 21 சதவீதம். இதை மாமாவிடம் சொன்னபோது, "தரகருக்கு ஒரு தரகரா" என்று கேட்டார். பெரிய ஆட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குச் சாட்டிலைட் சரி. வாராவாரம் ஆடினால் இந்த 21 கூடவே வரும்.

கட்டணத்தைப் பிரித்துப் போடாத இடங்களும் உண்டு. பெங்களூரிலேயே ஒரு கிளப்புக்கு நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் என்ட்ரி 3,000 என்று மட்டும் எழுதியிருந்தது. மேஜையில் இருந்தவரிடம் இதில் உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டால், "எல்லா எடத்துலயும் எடுக்குறதுதான் சார்" என்றார். அதற்கு மேல் பதில் இல்லை. ஆனால் டிவித் திரையில் ரெண்டு எண் ஓடிக்கொண்டிருந்தது: நுழைவுகள் 42, பரிசு மொத்தம் 1,05,000. போனில் வகுத்தேன், ஆளுக்கு 2,500. அப்படியென்றால் ஒவ்வொருவரிடமும் 500 நிற்கிறது. கட்டிய 3,000-ல் ஆறில் ஒரு பங்கு. பரிசுக்குப் போன 2,500-ஐ வைத்துப் பார்த்தால் 20 சதவீதம். நண்பர் ஆடினார், நான் டீ குடித்துவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

இந்த ஒரு வகுத்தலை மட்டும் பழக்கிக்கொள்ளுங்கள். பரிசு மொத்தத்தை நுழைவுகளின் எண்ணிக்கையால் வகுத்து, கட்டிய பணத்திலிருந்து கழிக்க வேண்டும். ரீ-பை, ஆட்-ஆன் இல்லாத எந்த டோர்னமெண்டுக்கும் இது பொருந்தும். லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்டை எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவு 10,000 டாலர். 2023-ல் 10,043 பேர் ஆடினார்கள், பரிசு மொத்தம் 9,33,99,900 டாலர், அந்த வருஷம் ஜெயித்த டேனியல் வைன்மனுக்கு 1.21 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 9,300 வரும். ஆளுக்கு 700 டாலர் வெளியே நிற்கிறது, மொத்தமாக 70 லட்சம் டாலருக்கு மேல். சதவீதத்தில் பார்த்தால் 10,000-ல் வெறும் 7. உலகத்தின் பெரிய ஆட்டத்தில் 7 எடுக்கிறார்கள், நம் ஊர்க் கிளப்பில் 3,000 ரூபாய்க்கு 16.7 எடுத்தார்கள். சதவீதம் சொல்லும்போது அடியில் எந்த எண்ணை வைக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1,000 + 100-ஐ 10 சதவீதம் என்றும் சொல்லலாம், 1,100-ல் 9.1 சதவீதம் என்றும் சொல்லலாம், விளம்பரத்தில் சின்ன எண்தான் வரும்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் இந்தக் கணக்கு நம் பக்கம் சாயும். கியாரண்டி என்று ஒரு தொகை அறிவித்திருப்பார்கள், எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் அவ்வளவு பரிசு உண்டு என்று. ஒரு லட்சம் கியாரண்டி, நுழைவு 1,000 + 100, வந்தது 80 பேர் மட்டும் என்றால் குவிந்தது 80,000, மீதி 20,000-ஐ நடத்துகிறவர் தன் கையிலிருந்து போட வேண்டும். இதை ஓவர்லே என்பார்கள். ஆளுக்குக் கட்டியது 1,100, பரிசில் ஆளுக்கு நிற்பது 1,250. கட்டணம் போக நமக்கே 150 கூடுதல். இதற்காகவே நான் நேரம் பார்த்து உள்ளே போக ஆரம்பித்தேன். ஆர்சிபி ஆட்டம் இருக்கிற இரவுகளில் பெங்களூரில் போக்கர் ஆப்பைத் திறந்தவர்கள் குறைவு என்பது என் அனுபவம், அந்த நாட்களில் லேட் ரெஜிஸ்ட்ரேஷன் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது எண்ணிக்கையைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு நுழைவேன். அந்த அரைமணி நேரத்தில் கூட்டம் வந்துவிட்டால் ஓவர்லே மறைந்துவிடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

2022 பிப்ரவரி 14-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நான் மறுபடி ஆடினேன், ஆனால் நோட்டின் முதல் பக்கத்தில் சிலதை எழுதி வைத்துக்கொண்டு. கட்டணம் பத்துக்கு மேல் இருந்தால் கிடையாது. ஒரு டோர்னமெண்டுக்கு ஒரு நுழைவு, அபூர்வமாக ரெண்டு. டர்போ கிடையாது. அந்த வருஷ முடிவில் 96 டோர்னமெண்ட், 101 நுழைவு, பரிசுக்குப் போனது 62,000, கட்டணம் 5,100, திரும்பி வந்தது 71,400. நிகரமாக 4,300 லாபம். இதைப் பார்த்து நான் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், நூறு டோர்னமெண்டில் ஒரு தடவை முதல் மூன்றுக்குள் வந்தால் கணக்கே தலைகீழாக மாறும், அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று சொல்ல இன்னும் பல நூறு வேண்டும். ஆனால் 15,300 என்ற எண் 5,100 ஆனதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. அது நான் முடிவு செய்தது.

அப்புறம் வரி வந்தது. முன்னாலெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுவும் நடத்துகிறவர் எடுக்கும் கட்டணத்தின் மேல் மட்டும். 2023 அக்டோபர் 1 முதல் நாம் ஆப்பில் போடும் பணம் முழுவதன் மேலும் 28 சதவீதம் என்று ஆனது. 1,000 ரூபாய் போட்டால் அதில் 218.75 வரி, ஆட 781.25. சில ஆப்கள் அந்த வித்தியாசத்தை போனஸாகத் திருப்பிக் கொடுத்தன, அப்படிக் கொடுத்தால்கூட எத்தனை நாளைக்கு என்று தெரியாது. பத்து சதவீத ரேக்குக்கே நாக்குத் தள்ளிய கணக்கில் இது எங்கே போய் முடியும் என்று சொல்லவே தேவையில்லை. அதே வருஷம் ஏப்ரல் 1 முதல் ஆன்லைன் ஆட்டத்தின் நிகர வெற்றியில் 30 சதவீதப் பிடித்தமும் வந்திருந்தது. நான் ஆப்பில் பணம் போடுவதை ரொம்பக் குறைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான், ஆன்லைன் வேண்டாம், நேரில் ஆடலாம் என்று 2024 பிப்ரவரியில் கோவா போனேன். ஆனந்த ராவ் சர்க்கிளில் ராத்திரி பஸ், காலையில் பனாஜி. மாண்டோவி ஆற்றில் நிற்கும் காசினோ கப்பல்களின் வெளிச்சத்தைப் பார்த்தபோது மனசு துள்ளியது உண்மை. டோர்னமெண்ட் நுழைவு 15,000. ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், பரிசுக்கு 13,000, மீதி 2,000 கட்டணம். ரெண்டாம் நாள் பரிசுப் பட்டியலுக்குள் வந்தேன், குறைந்தபட்சப் பரிசு, 26,000. கவுண்டரில் இருந்த பெண் பான் கார்டு கேட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, 18,200 எண்ணிக் கொடுத்தார். 7,800 வரிப் பிடித்தம். நேரில் ஆடும் சீட்டாட்டப் பரிசில் நுழைவுக்குக் கட்டிய பணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும் வரி என்ற பேச்சே கிடையாது, பரிசு முழுசுக்கும் 30.

வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பும் பஸ்ஸில் நோட்டை எடுத்து எழுதினேன். நுழைவு 15,000, பஸ் 2,800, ரூம் 3,600, சாப்பாடும் டாக்ஸியும் 2,100. மொத்தம் 23,500. கையில் வந்தது 18,200. ஜெயித்துவிட்டு வரும் வழியில் 5,300 நஷ்டம் எழுதினேன். பரிசுக்குப் போனது 13,000 தான், அதற்கு மேலே செலவானது 10,500. கட்டணம் 2,000 என்று ரசீதில் இருந்தாலும் என்னைப் பொறுத்தவரை அந்தப் பயணத்தின் ரேக் 10,500. வெளியூர் போய் ஆடுகிறவர்கள் யாரும் பஸ்ஸையும் ரூமையும் ஆட்டக் கணக்கில் எழுதுவதில்லை, ஊர் சுற்றிப் பார்த்தோம் என்று தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அந்த ரெண்டு நாளில் கடற்கரைப் பக்கமே போகவில்லை.

2025 ஆகஸ்டில் எல்லாம் மாறிவிட்டது. 20-ம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் சட்டம் வந்தது. திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக்கூடாது, நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆப்கள் காசு ஆட்டத்தை நிறுத்தின. என் கணக்கில் கிடந்த 3,860 ரூபாயை எடுத்துவிட்டு ஆப்பை அழித்தேன்.

இதை இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதை எழுத உட்கார்ந்ததே இதனால்தான். இப்போது பெங்களூரில் மடிவாளா, பிடிஎம் பக்கம் பிஜி விடுதிகளில் தங்கியிருக்கும் நம்ம ஊர்ப் பையன்களுக்கு டெலிகிராமில் லிங்க் வருகிறது. தனி கிளப், ஏஜென்ட் மூலமாகப் பணம், ரேக்பேக் தருகிறோம், வரி எதுவும் கிடையாது என்று. என் அலுவலகத்தில் கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன் இப்படிச் சேர்ந்து, ஏஜென்டுக்கு ஜிபே செய்து, ஜெயித்த பணத்தைக் கேட்டபோது அந்த எண்ணே அணைந்துவிட்டது. அங்கே பரிசு மொத்தம் எவ்வளவு, நுழைவு எத்தனை, எதிரே ஆடுகிறவர்கள் நிஜ மனிதர்கள்தானா, எதையும் சரிபார்க்க முடியாது. யாரிடம் போய்ப் புகார் சொல்வது? "அண்ணா, ரேக்ல நாப்பது பர்சென்ட் திரும்பக் குடுக்கிறாங்கண்ணா" என்று அவன் சொன்னபோது, "மொத்தம் எவ்வளவு எடுக்கிறாங்கப்பா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். எவ்வளவு என்றே தெரியாத ஒன்றில் நாற்பது சதவீதம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள், சட்டப்படியும் தப்பு, கணக்குப்படியும் தப்பு.

எனக்கு இந்த ஆட்டம் இன்னும் பிடிக்கும். மாசத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வெறும் சிப்ஸுக்கு ஆடுகிறோம், காசு கிடையாது, முதலில் வெளியே போகிறவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். மாமாவும் இப்போது ஆடுகிறார், ரொம்ப இறுக்கமாக ஆடுவார், கையில் ஜோடி இல்லாமல் ஒரு சிப்ஸ்கூட உள்ளே வராது.

கோவாவுக்கு 2025 நவம்பரில் இன்னொரு தடவை போய்வந்தேன், இந்தத் தடவை நண்பர்கள் மூன்று பேரோடு, ரூம் வாடகையைப் பிரித்துக்கொண்டு. செப்டம்பர் 22 முதல் காசினோவுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 40 ஆகியிருந்ததால், பணம் கட்டுவதற்கு முன்பே கவுண்டரில் நின்று மூன்று விஷயம் கேட்டேன்: கட்டுவதில் பரிசுக்கு எவ்வளவு, வரி எதன் மேல், பரிசிலிருந்து ஊழியர்களுக்கு ஏதாவது பிடிக்கிறீர்களா. கவுண்டரில் இருந்த பையனுக்குத் தெரியவில்லை, உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், நான் நகரவில்லை. மேனேஜர் பொறுமையாக ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். பெரிய டோர்னமெண்டில் கணக்கு ஒத்துவரவில்லை, அதற்கு முந்தின நாள் நடக்கவிருந்த சின்னதில் கட்டணம் சதவீதத்தில் குறைவாக இருந்தது, வழக்கத்துக்கு மாறாக. அதில் ஒரே ஒரு நுழைவு கட்டினேன். ஒன்பதாவது லெவலில் வெளியே போனேன். ரீ-என்ட்ரி இன்னும் இருபது நிமிஷம் திறந்திருந்தது. நண்பர்களில் ஒருவர் "வாங்க, இன்னொண்ணு போடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். "நீங்க ஆடுங்க, நான் மீரமார் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி, அந்தத் துண்டுத் தாளை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, கடற்கரைக்கு நடந்தேன்.